இது என்ன நிற மாடு?

சிசிலியில், பல்லரோ சந்தையில் அந்த இறைச்சிக்கடைக்காரனுக்கு எங்கள் இருவரையும் கண்டாலே விசர் பிடிக்கும். அவனில் பிழை சொல்ல ஏலாது. மாட்டிறைச்சி விற்கிற கடைக்கு முன்னால் கிழமைக்கொரு தரம் இரண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். ஒருத்தி நான். யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, மாடு வாயில் வைக்கமாட்டேன். மற்றவள் அக்கா. கொளுக்கியில் தொங்குகிற தொடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோயிலில் ஐயரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்பாள்:

"இது என்ன நிற மாடு?"

முதல் தரம் கேட்டபோது அவன் இறைச்சியைத் தட்டிக் காட்டினான். "சிவப்பு. கண் தெரியேல்லையோ?"

"இறைச்சி இல்லை. தோல். உயிரோட நிண்டபோது என்ன நிறம்?"

"சிக்னோரா, என்னட்டை வரேக்கை அதுக்குத் தோலும் இல்லை, தலையும் இல்லை. எனக்கென்னெண்டு தெரியும்?"

"அப்ப தெரியாது."

"தெரியாது."

"சரி," என்றாள் அக்கா. கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. நேரே மீன்காரனிடம் போய் மத்தி வாங்கினாள்.

அடுத்த கிழமையும் அதே கேள்வி. அதற்கடுத்த கிழமையும் அதேதான். ஒருநாள் அவன், "பச்சை, வெள்ளை, சிவப்பு! எங்கட கொடி மாதிரி!" என்று கத்தினான். சந்தை வரிசை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். "அப்படி ஒரு மாடு நிண்டால் எங்கட ஊரில அதுக்குப் பாட்டே கட்டியிருப்பினம்," என்றாள். இன்னொரு நாள் அவன் தந்திரமாக, "கறுப்பு! தார் மாதிரிக் கறுப்பு!" என்றான். அக்கா அவனுடைய கண்ணைப் பார்த்து, "உன்ர அம்மாவாணைச் சொல்லு," என்றாள். சிசிலிக்காரனாயிற்றே, தாய் மேல் பொய்ச்சத்தியம் செய்வானா? கத்தியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "தெரியாது சிக்னோரா, தெரியாது! ஒருத்தி மாட்டைக் கும்பிடுறாள், மற்றவள் மாட்டின்ர சாதகம் கேக்கிறாள். நான் எப்ப வியாபாரம் செய்யிறது?"

அக்கா என்று நான்தான் அவளுக்குப் பெயர் வைத்தேன். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது, அதை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. எங்கள் சனம் அவளைக் கானாக்காரி என்றது. பல்லரோவில் கடை வைத்திருந்த கானாக்காரர்களோ, "எங்கட ஆள் இல்லை. அவள் கதைக்கிறது எங்களுக்கு விளங்காது," என்றார்கள். அவள் நமீபியாக்காரி. அங்கே மாடு வளர்க்கிற ஹெரேரோ என்ற சனம். அவள் வேலை செய்த வீட்டுச் சிக்னோராவின் கணவன் அந்தக் கடற்கரையில் ஏதோ மீன் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, பிள்ளை பார்க்க இவளையும் கூட்டி வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இவள் இருந்துவிட்டாள்.

அந்த நகரம் முழுக்க அவளுடைய மொழி கதைக்க ஒரு சீவன் இல்லை. எங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. தமிழருக்குள் ஒருவரோடு சண்டையில் கொழுவினால் போய்க் கோள் சொல்ல இன்னொரு தமிழர் இருப்பார். அக்காவுக்குக் கொழுவவும் ஆள் இல்லை.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் அவள் மேல் வீட்டில் வேலை, நான் இரண்டு தட்டுக் கீழே. காலையில் படிக்கட்டில் சந்திப்போம். முதல் நாள் அவள் என்னைப் பார்த்து, "வா பெந்துகா?" என்றாள். எழும்பிவிட்டாயா என்று அர்த்தமாம். அவர்களுக்கு அதுதான் காலை வணக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களூரிலும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அதைத்தானே கேட்பார்கள். "நாங்களும் அப்பிடித்தான். எழும்பிட்டியோ எண்டு கேப்பம்," என்றேன். மறுநாளிலிருந்து அவள் தமிழில் "எழும்பிட்டியோ?" என்பாள், நான் "வா பெந்துகா?" என்பேன். சிக்னோராக்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காது. மிச்சமெல்லாம் நாங்கள் கதைத்தது உடைந்த இத்தாலியன். அதை நான் என் தமிழில்தான் எழுதுகிறேன். அக்காவை யாழ்ப்பாணத்தாளாக்கிப்போட்டாய் என்று ஒருவரும் சண்டைக்கு வரவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கவேண்டும். நிலம் கூட்டுகிற நீளச் சட்டை, உள்ளுக்குள் பாவாடைக்கு மேல் பாவாடை, தலையில் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற துணிக்கட்டு. கொம்பு விறைப்பாக நிற்பதற்கு உள்ளே பத்திரிகையைச் சுருட்டி வைப்பாள். "சிக்னோராவின்ர பேப்பர். நேற்றைய கொலை எல்லாம் இண்டைக்கு என்ர தலைக்குள்ள," என்று பகிடி விடுவாள். எங்கள் பிள்ளைகள் அவளைக் 'கொம்பு அன்ரி' என்றுதான் கூப்பிடும். அந்தச் சட்டைக்கான துணி வாங்க வியா மக்வேதா தெருவுக்கு நானும் கூடப் போவேன். துணிக்கடைக்காரர் முழம் முழமாக அளந்து களைத்து, "எந்த மாளிகைக்கு சிக்னோரா திரைச்சீலை?" என்று கேட்பார்.

ஒருநாள் அந்தச் சட்டையின் கதையைச் சொன்னாள். ஜெர்மன்காரர் அவளுடைய சனத்தைச் சுட்டு, மிஞ்சினவர்களைத் தண்ணீரில்லாத பாலைவனத்துக்குள் துரத்தினார்களாம். அவளுடைய பாட்டன் காலத்தில். அந்த ஜெர்மன்காரரின் பெண்டுகள் போட்ட சட்டைதான் இது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பிறகேன் அந்தக் கோதாரியைப் போடுறியள்?" என்று கேட்டேன்.

"அவையள் போயிட்டினம். இப்ப எங்கட," என்றாள். "அவையின்ர சட்டைக்குக் கொம்பு இருந்ததோ? அது நாங்கள் வைச்சது."

அவளுடைய குரலை நான் முழுசாகக் கேட்டது ஒரே ஒருநாள். அவளுடைய சிக்னோராவுக்கு மலைப்பக்கம் ஒரு தோட்டவீடு இருந்தது. சொந்தக்காரப் பிள்ளை ஒன்று தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்துக்குச் சமையலறையில் உதவ என்னையும் கூட்டிப் போனார்கள். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. தேடிப் போனேன். கல்வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்பு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேலியில் கையை ஊன்றிக்கொண்டு அக்கா அவற்றோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

கதைத்தாள் என்பது சரியில்லை. பாட்டுமில்லை, பேச்சுமில்லை. மூச்சு விடாமல், வேகமாக, சத்தமாக ஒவ்வொரு மாட்டையும் கையால் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். படிக்கட்டில் இத்தாலியனில் சொல்லுக்குச் சொல் தடக்குப்படுகிற மனுசியா இவள் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாட்டுக்காரக் கிழவனும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். அவர்களூரில் மாட்டை இப்படிப் புகழுவார்களாம். இன்ன மாடு இன்ன ஆளுடையது, இன்ன கிணற்றில் தண்ணீர் குடித்தது, இன்ன இடத்தில் அதன் தாய் செத்தது. இந்த மாடுகளின் கதை தெரியாததால் தன் தகப்பனுடைய மாடுகளின் கதையை இவற்றுக்குச் சொன்னாளாம்.

முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. "கறுப்பு. நல்ல கறுப்பு," என்றாள். பிறகு மெல்ல, "இதை நான் தின்னலாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவ்வளவு நேரம் கும்பிடாத குறையாக நின்றுவிட்டுத் தின்னலாமாம். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது வாகனத்தின் பின்கண்ணாடியால் அந்த மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் எல்லாரையும் விட அந்த மாடுகள்தான் அன்றைக்கு அவளுக்குச் சொந்தக்காரராக இருந்தன.

ஏன் நிறம் கேட்கிறாள் என்பது எனக்கு ஒரு சாமத்திய வீட்டில்தான் தெரிந்தது. நான் அண்ணா வீட்டில் இருந்தேன். அண்ணாவின் மனுசியை மச்சாள் என்பேன்; அவளுடைய தங்கையின் மகள் பெரியபிள்ளையான கொண்டாட்டம் அது. அக்காவையும் கூட்டிப் போயிருந்தேன். ஆட்டிறைச்சிக் கறியை அவள் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மச்சாள் எனக்கு மட்டும் கேட்கவேண்டிய விஷயத்தை மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்லத் தொடங்கினாள்.

"உன்ர நெத்தியைப் பாத்துச் சனம் கதைக்குது. அந்த மனுசன் இனி எங்கையடி வரப்போறார்? ஒரு அந்தியேட்டியைச் செய்துபோட்டு உன்ர வழியைப் பார். மிலானில ஒரு நல்ல ஆள் இருக்குது எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

என் கதை இதுதான். ஊரில் ஒரு விடியக்காலை ஆமியின் சுற்றிவளைப்பில் என் மனுசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இடுப்பில் நீலக்கோடு போட்ட சாரத்தோடு முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர். அதோடு சரி. ஆள் இருக்கிறார் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. கொழும்பில் இருந்த சின்னம்மாவுக்கு ஞாயிறு ஞாயிறாகத் தொலைபேசி எடுப்பேன். வடக்கிலிருந்து வருகிறவர்கள் அவவிடம் செய்தி கொண்டுவருவார்கள். எங்கேயாவது ஒரு கிணற்றில், ஒரு பற்றைக்குள் யாரையாவது கண்டெடுத்தார்கள் என்றால் நான் கேட்கிற முதல் கேள்வி, "என்ன நிறச் சாரம்?" சின்னம்மா வேறு ஏதோ நிறம் சொல்லுவா. நான் மூச்சு விடுவேன். அது யாரோ ஒருத்தியின் பிள்ளை, யாரோ ஒருத்தியின் மனுசன் என்று தெரிந்தும் மூச்சு விடுவேன்.

செத்தவருக்குச் செய்கிற கிரியையான அந்தியேட்டி என்ற சொல் அக்காவுக்கு விளங்கவில்லை. மச்சாள் என் நெற்றியைக் காட்டியது விளங்கிவிட்டது. வெளியே கூட்டிக்கொண்டு போய், என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"என்ர அப்பாவின்ர வீட்டில கொம்பில்லாத மாடு தின்னக்கூடாது," என்றாள். "அது எங்கட வழிமுறை. சின்னனில நான் கொம்பு இருந்ததோ எண்டு கேட்டுத்தான் சாப்பிடுவன். கலியாணம் முடிச்சால் மனுசன் வீட்டு முன்னோர் நெருப்புக்கு முன்னால கொண்டுபோய் இருத்துவினம். அண்டையிலயிருந்து மனுசன் வீட்டுச் சாப்பாட்டு விலக்குத்தான் எனக்கும். அவர் வீட்டில சிவப்பு மாடு ஆகாது. அதால நிறம் கேக்கிறன்."

"அவர் எங்கை?"

"சண்டைக்கெண்டு எல்லை கடந்து போனவர். நாடு விடுதலையானபோது போன ஆக்கள் திரும்பி வந்தவை. விமான நிலையத்தில போய் நிண்டன். கடைசி ஆள் வரைக்கும் இறங்கினது. அவர் இறங்கேல்லை. செத்துப்போனார் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"அந்த இறைச்சிக்கடைக்காரனுக்கு நிறம் தெரியாதெண்டு தெரியுமெல்லே. பிறகேன் ஒவ்வொரு கிழமையும் கேக்கிறியள்?"

"இறைச்சிக்காகவோ கேக்கிறன்?" என்றாள் அக்கா. "நான் அவரின்ர பெண்சாதியெண்டு இந்த ஊரில ஆருக்குத் தெரியும்? நான் நிறம் கேக்கிறவரைக்கும் அவர் இருக்கிறார்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய கையை எடுத்து என் நெற்றிப் பொட்டில் வைத்தேன். வேறென்ன செய்ய? உள்ளே மச்சாள் என்னைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பல்லரோவில் அவள் கேட்கும்போது நானும் கூடவே மனதுக்குள் கேட்பேன். 'தெரியாது' என்று கடைக்காரன் கையை விரிக்கும்போது எங்கள் இருவருக்குமே ஒரு கிழமை தவணை கிடைத்த மாதிரி இருக்கும். மத்தி வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்த மனுசன் எங்களை இரண்டு விசரிகள் என்று நினைத்திருப்பான், பாவம்.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில் படிக்கட்டில், "வா பெந்துகா?" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. தடுமனில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். வேலை முடிந்து வழக்கம்போலச் சந்தைக்கு நடந்தோம். கடைகளின் சிவப்புத் துணிக்கூரைகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைக்காரன் எங்களைக் கண்டதும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்கோ வாங்கோ. கேளுங்கோ," என்றான்.

அக்கா தொங்குகிற தொடையைப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"இதுக்குக் கொம்பு இருந்ததோ?"

என் கையிலிருந்த குடை நழுவி விழுந்தது.

கடைக்காரனுக்கோ பெரிய சந்தோஷம். கடைசியில் பதில் தெரிந்த ஒரு கேள்வி வந்ததே! "கொம்போ? சிக்னோரா, இது மலை மாடு. கொம்பில்லாமல் இந்த மலையில ஒரு மாடும் இல்லை. என்ர அம்மாவாணை!" என்று நெஞ்சில் அடித்தான். பிறகு கண்ணைச் சுருக்கி, "நிறம் கேக்கேல்லையோ?" என்றான்.

"இனி இல்லை," என்றாள் அக்கா.

ஒரு துண்டு வாங்கினாள். அவன் முதல் வியாபாரம் என்று எலும்பும் சேர்த்துப் பொதி செய்து கொடுத்தான். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவள்தான் நடந்துகொண்டே சொன்னாள். முதல்நாள் ஊரிலிருந்து அவளுடைய தம்பி தொலைபேசி எடுத்தானாம். அவளுடைய மனுசனோடு முகாமில் இருந்த ஒரு ஆள் இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது நோய் முற்றியபின் அவருடைய வீட்டுக்கு வந்திருக்கிறான். அவர் செத்தது எங்கே, எப்படி என்று எல்லாம் சொல்லிவிட்டான். வீட்டுப் பெரியவர் விடியற்காலை நெருப்புக்கு முன்னால் குந்தியிருந்து, முன்னோருக்கு அவருடைய பெயரைச் சொல்லி, இவர் உங்களிடம் வந்துவிட்டார் என்று அறிவித்துவிட்டார்.

"நெருப்புக்குச் சொல்லியாச்சு. இனி மாத்த ஏலாது," என்றாள். "தம்பி வரச் சொல்லுறான். நான் திரும்ப அப்பாவின்ர ஆள்."

வியா மக்வேதாவில் அதே துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் வழக்கம்போலப் பூப்போட்ட துணிகளை எடுத்து விரிக்கத் தொடங்கினார். அக்கா கறுப்பைக் காட்டினாள். அந்த மனுசன் திரைச்சீலைப் பகிடி விடவில்லை. மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அக்காவின் மொழி அங்கே ஒருவருக்கும் விளங்காது. கறுப்புத் துணி மட்டும் அந்த ஊரில் எல்லாருக்கும் விளங்கும்.

வெளியே ஒரு மாதா கோயில் படியில் ஒதுங்கினோம். அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன், அவளுக்கும் சேர்த்து, எனக்கும் சேர்த்து. ஊரென்றால் பெண்டுகள் கூடி வாய்விட்டு அழுவார்கள், ஒருத்தி தொடங்க மற்றவர்கள் எடுப்பார்கள் என்று அவள் சொன்னாள். "இஞ்சை நான் தொடங்கினால் ஆர் எடுப்பினம்?" என்று கேட்டாள். என் சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்து மழைத்தண்ணீரைத் துடைத்தேன்.

பிரியும்போது என் நெற்றியைப் பார்த்தாள். மழையில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. தன் விரலால் ஓரத்தைத் துடைத்து வட்டமாக்கினாள்.

"எனக்கு மறுமொழி வந்திட்டுது. உனக்கு வரேல்லை, சொரெல்லா," என்றாள். சொரெல்லா என்றால் சகோதரி. "நீ நிறம் கேக்கிறதை விட்டிடாதை."

கறுப்புச் சட்டை தைத்து முடிந்ததும் அவள் ஊருக்குப் போய்விட்டாள். படிக்கட்டில் "எழும்பிட்டியோ?" என்று கேட்க ஆள் இல்லாமல் போனது. "அந்தக் கொம்பு மனுசியே கறுப்புப் போட்டிட்டாள், நீ எப்ப?" என்று மச்சாள் தொடங்கினாள். நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று சின்னம்மாவுக்கு எடுத்தேன். அவ வழமைபோலச் சுகம் விசாரிக்கவில்லை. "பிள்ளை, எங்கட ஊர்ப்பக்கம் ஒரு பழைய கிணத்தை இறைச்சவையாம்..." என்றா.

"என்ன நிறச் சாரம், சின்னம்மா?"

பின்னால் நின்ற சனம் கத்துகிற சத்தத்தில் அவ சொன்னது கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன்.

"சாரம் ஒண்டும் இல்லை, பிள்ளை. எலும்புதான். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கால் தன்பாட்டில் சந்தைக்குள் நடந்தது. இதைச் சொல்லி அழ ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவளும் கடல் தாண்டிப் போய்விட்டாள். இறைச்சிக்கடைக்காரன் என்னைத் தனியே கண்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அந்தக் கொம்புத் தலைக்கட்டை அவனும் தேடியிருக்கவேண்டும். நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். தொங்குகிற தொடையைப் பார்த்தேன்.

"இது என்ன நிற மாடு?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தான்.

"தெரியாது, சிக்னோரா," என்றான்.

"சரி," என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனேன்.